தலைத் தீபாவளிக்குக் கேட்ட சைக்கிள்

தலைத் தீபாவளிக்கு மாமனாரிடம் மோதிரம் கேட்டவர்கள் உண்டு, செயின் கேட்டவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிள் சாவி கைக்கு வந்தால்தான் இலையில் உட்காருவேன் என்று முறுக்கிக்கொண்டு நின்றவர்களையும் எங்கள் சிவகாசிப் பக்கம் பார்த்திருக்கிறேன். இருபத்தாறு வயதில், முகத்தில் இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, மாமனாரிடம் குட்டிச் சைக்கிள் கேட்ட மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதில் எனக்கு இன்னும் போட்டி வரவில்லை.

கேமரா வைத்த செல்போன் புதிதாக வந்து, கையில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கண்டதையும் படம் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் போடுவது என் வேலை. ஒரு நாள் சங்குசக்கரத்துக்குப் புது லேபிள் கேட்டு ஒரு பார்ட்டி வந்தார். "பூ, மயில், பாப்பா எல்லாம் போட்டாச்சு. சுத்துற மாதிரி புதுசா ஏதாச்சும் போடுங்க தம்பி" என்றார். எங்கள் செக்‌ஷனில் வெளிநாட்டுப் பழைய பத்திரிகைகள் ஒரு கட்டு கிடக்கும். புது யோசனை வேண்டுமென்றால் அதைத்தான் புரட்டுவோம் (அதாவது, அதிலிருந்துதான் சுடுவோம்). அப்படிப் புரட்டியபோது அகப்பட்டதுதான் அந்தப் பக்கம்.

ஒரு ஆள் சின்னச் சைக்கிளின் முன்சக்கரத்தின் மேல் நிற்கிறான். பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கிறது. சீட்டில் ஆள் இல்லை. மேடு பள்ளம் தாண்டுவது, சுவரில் ஏறுவது எதுவும் கிடையாது. சமதளத்தில், நாலு பாய் விரிக்கும் அளவு இடத்தில், சைக்கிளோடு சுற்றிச் சுற்றி நாட்டியம் ஆடுவதுதான் இந்த வித்தை. 'ஃப்ளாட்லேண்ட் பிஎம்எக்ஸ்' என்று பெயர் போட்டிருந்தது. பக்கத்திலேயே, கையில் அதிகம் காசில்லாதவன் இப்படிப்பட்ட சைக்கிளை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். சீட் தாழ்வாக இருக்க வேண்டும், டயர் வழவழப்பாக இருக்க வேண்டும், ஹேண்டில் பார் முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும், இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் ஏறி நிற்க உருளைத் துண்டுகள் இருக்க வேண்டும். அந்தத் துண்டுக்குப் பெயர் பெக்.

லேபிள் அச்சாகி லோடு ஏறிப் போய்விட்டது. அந்தப் பக்கம் மட்டும் என் மணிபர்ஸிலேயே தங்கிவிட்டது. பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ஒரு வீடியோவும் பார்த்தேன். ஒரு நிமிட வீடியோ, விட்டு விட்டு ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதையே ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டு, இந்த வித்தையை நான் கற்றுக்கொண்டுவிட்டதாக மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். மனைவி மாரீஸ்வரிக்கு நாரணாபுரம். மாமனார் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்துக் கலவையும் மனுஷர்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் இடத்தில், அசம்பாவிதம் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. தீப்பெட்டி, பீடி, இரும்பு ஆணி அடித்த செருப்பு எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போகாது. பாலியஸ்டர் சட்டை போட்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். அது உடம்பில் உரசி மின்சாரம் உண்டாக்குமாம். நான் பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது அல்ல. என் சட்டைக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "காட்டன்தான தம்பி?" என்றார். காட்டன்தான். அதனால்தான் கல்யாணம் நடந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மாமா முறைப்படி அழைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ளே, மோதிரம் போடவா, செயின் போடவா? மனசுல உள்ளதச் சொல்லுங்க."

நான் மணிபர்ஸைத் திறந்து அந்தப் பக்கத்தை நீட்டினேன். "நகையெல்லாம் வேண்டாம் மாமா. இது போதும்."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது சின்னப்புள்ளைக சைக்கிள்ல?"

"இல்ல மாமா, பெரியவங்க ஓட்டுறது. வித்தை சைக்கிள்."

"என்ன வித்தை?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "நான் நின்ன இடத்துலயே நிப்பேன் மாமா. சைக்கிள் என்னையச் சுத்தி வரும்" என்றேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "சங்குசக்கரம் மாதிரி?"

"அதே மாதிரி."

கதவோரம் நின்ற மாரீஸ்வரி, "உங்களுக்கு இத ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். காலேஜில் படிக்கும்போது ஓட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். காலேஜில் நான் ஓட்டியது டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கியதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் விருதுநகர் பஜாருக்குப் போனோம். சைக்கிள் கடை அண்ணாச்சி நான் நீட்டிய படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசலுக்கு மூன்று சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். முதலாவதில் முன்னால் லைட், பின்னால் லைட், அமுக்கினால் பாட்டுப் பாடும் ஹாரன். நான் பார்ப்பதற்குள் மாமா பார்த்துவிட்டார்.

"பேட்டரி இருக்கா?"

"நாலு பேட்டரி அண்ணாச்சி. நல்லா எரியும்" என்றார் கடைக்காரர்.

'எரியும்' என்று சொன்னதோடு அந்தச் சைக்கிளின் கதை முடிந்தது. இரண்டாவதற்கு ஹேண்டிலில் இருந்து ஜிகினாக் குஞ்சம் தொங்கியது. மாமா அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பாலியஸ்டர்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

மூன்றாவது, கூரைக் கொக்கியிலிருந்து இறக்கிய ஒரு சிவப்புச் சைக்கிள். தூசியைத் தட்டும்போதே அண்ணாச்சிக்குச் சங்கடம். "இதுக்கு கேரியர் கிடையாது. மட்கார்டு கிடையாது. பெல்லு கிடையாது. சீட்டைத் தூக்கவும் முடியாது. ரெண்டு வருசமா இப்பிடியேதான் தொங்குது" என்று அதன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என் பத்திரிகைப் பக்கம் கேட்டதும் அதுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாச்சி அந்தச் சிரிப்பை நக்கல் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குறைக்கும் விலையை ஒரு படி இறக்கினார். நான் பதிலே பேசாமல் சிரித்துக்கொண்டிருந்ததில் விலை பாதிக்கு வந்துவிட்டது. "பேரம்னா மாப்பிள்ளைகிட்டதான் படிக்கணும்" என்று மாமா கடைப் பையனிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு முழங்காலும் ஹேண்டில் பாரில் இடித்தன. ஒரு மிதி மிதித்தேன், கடைப்படியில் போய் முட்டினேன். "பழக்கம் விட்டுப்போச்சு" என்றேன். மாமா சைக்கிளைப் பிடித்து நிமிர்த்தினார். ஹேண்டில் பார் முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதற்காக, முன் பிரேக்கையும் கழற்றச் சொன்னேன். அவர் அதற்கும் தலையாட்டினார்.

அவர் வாய் திறந்தது பெக் வாங்கும்போதுதான். கடையில் இரும்பில்தான் இருந்தது. பின்னால் ஆள் ஏறி நிற்பதற்காகச் சிலர் கேட்டு வாங்கும் சாமான் அது. மாமா அதை எடுத்துக் கடை வாசல் கல்லில் ஒரு இழு இழுத்தார். சின்னதாக ஒரு தீப்பொறி பறந்தது. மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"இது ஆகாது மாப்ளே."

"மாமா, நான் ரோட்டுலதான ஓட்டப்போறேன்."

"எங்கன ஓட்டுனா என்ன? பொறி பொறிதான். எங்க கம்பெனியில சுத்தியலே பித்தளைதான். இதுக்கும் பித்தளையில அடிச்சிருவோம்."

திருத்தங்கலில் கணேசன் என்பவரின் லேத் பட்டறையில், மொத்தமான பித்தளை ராடில் நாலு பெக் கடைந்தார்கள். நட்டு வைத்து இறுக்குகிற ஜோலியே இல்லாமல், பெக்குக்குள்ளேயே மரை வெட்டி, அதையே அச்சில் திருகிவிடலாம் என்று கணேசன் யோசனை சொன்னார். "படத்துல நுனியில ஓட்டை தெரியுதே" என்று நான் சொன்னதால், வெளி நுனியில் விரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டையும் போட்டுக் கொடுத்தார். ஓட்டை போட்ட பிறகும் ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. பத்திரிகைக்காரன் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ எழுதியிருந்தான். அதை நான் மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

சீர் சாமான் என்பதால் தீபாவளி வரை சைக்கிள் நாரணாபுரத்திலேயே இருந்தது. ஓட்டிப் பழக எனக்கு வழியில்லை. அதைவிட மோசம், அங்கே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. போர்மேன் மோதிரத்துக்குப் பதிலாகப் பச்சைப்பிள்ளை சைக்கிளைக் கொடுத்து மாப்பிள்ளையை ஏமாற்றிவிட்டார் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. தீபாவளியன்று காலை வந்து பாருங்கள், மாப்பிள்ளை நின்ற இடத்தில் நிற்பார், சைக்கிள் அவரைச் சுற்றி வரும் என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். மாரீஸ்வரிதான் இதைச் சொன்னாள். அந்த மனுஷன் யாரிடமும் பொய் பேசி நான் பார்த்ததில்லை. என் வாயால் அவர் பெயர் கெடப்போகிறது என்பதுதான் உறுத்தலாக இருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பிரஸ்ஸின் பேப்பர் குடோனில் என் பழைய பெரிய சைக்கிளை வைத்து மூன்று ஞாயிறு பழகினேன். ரீம் கட்டுகளின் மேல் விழுந்ததால் எலும்பு தப்பியது.

தீபாவளிக்கு முந்தின நாள் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தை புழக்கடையில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே என் சைக்கிள். பித்தளை என்று பார்த்ததும் கையோடு நாலு பெக்கையும் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். மாமா தன் பங்குக்குப் பின் அச்சில் ஒரு சின்னப் பித்தளைச் சங்கிலியைக் கட்டி, தரையில் உரசும்படி தொங்கவிட்டிருந்தார். உடம்பில் ஏறும் மின்சாரம் பூமிக்கு இறங்குவதற்காம். சைக்கிளை நகர்த்தினால் சாமி புறப்பாடு வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. பேண்ட் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "தலைத் தீபாவளிக்கு வேட்டிதான் மாப்ளே" என்று மாமா சொல்லிவிட்டார். வாசலுக்கு வந்தால், புதுசாகப் போட்ட சிமெண்ட் ரோட்டின் இரண்டு பக்கமும் தெருவே நின்றது. பட்டாசுக்கும் அவர்களுக்கும் வருஷம் பூராவும் உள்ள சங்காத்தம் போதாதா, தீபாவளியன்று வேடிக்கை பார்க்க அவர்களுக்கு வேறு ஏதாவது வேண்டும். மாமா புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் நின்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

நேரத்தைக் கடத்த வேண்டும். அதற்கு ஒரே வழி, நிபுணன் மாதிரி சைக்கிளைப் பரிசோதிப்பதுதான். டயரை அமுக்கினேன். செயினில் காதை வைத்துக் கேட்டேன் (என்ன கேட்டேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்). சீட்டைத் தட்டினேன். பின்சக்கரத்தின் இடது பக்கம் குந்தி உட்கார்ந்து, பெக்கின் நுனி ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, எதையோ அளப்பதுபோல் கண்ணை இடுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். "எம்புட்டு நுணுக்கமாப் பாக்காரு பாத்தியா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பாராட்டில் விரலை இன்னும் ஒரு கணு உள்ளே தள்ளினேன்.

பிறகு எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

இரண்டு நிமிஷம் கழித்து மாரீஸ்வரி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"என்ன பண்றீக?"

"செக் பண்றேன்."

"எம்புட்டு நேரந்தான் செக் பண்ணுவீக? எல்லாரும் பாக்குறாகல்ல."

"விரல் மாட்டிக்கிருச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பெக்கைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. இல்லாட்டி பல்லுல்ல போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, "அப்பா, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு என்னைச் சுற்றி ஒரு மாநாடே கூடியது. தேங்காயெண்ணெய் விட்டார்கள். காலையில் தலைக்குத் தேய்த்து மிஞ்சிய நல்லெண்ணெயையும் விட்டார்கள். சோப்பும் சீயக்காயும் போட்டார்கள். விரல் வழுக்குவதற்குப் பதிலாக வீங்கிக்கொண்டே போனது. ஆக்ஸா பிளேடு போட்டு அறுத்துவிடலாம் என்றார் ஒருவர். மாமா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். பித்தளையைச் சூடு பண்ணினால் விரிந்து கொடுக்குமே என்றார் இன்னொருவர். போர்மேன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இப்படிச் சொன்ன அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

மாமா லேத் கணேசனுக்குப் போன் போட்டார். கணேசன் தன் மாமியார் வீட்டில், ஆலங்குளத்தில், இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். போனில் சொன்ன பதில் சுருக்கமாக இருந்தது. "அது மரைதான அண்ணாச்சி. கழட்டுனா பெக்கு சைக்கிளை விட்டு வந்துரும். பெறகு விரலப் பாத்துக்கிடலாம்."

சரிதான், ஆனால் பெக்கைத் திருக வேண்டும் என்றால் அதற்குள் இருக்கிற விரலையும் திருக வேண்டும், விரலோடு சேர்ந்த என்னையும் திருக வேண்டும். சைக்கிளைப் பெக் மேலே இருக்கும்படி தரையில் படுக்கப் போட்டார்கள். நான் அதன் மேல் குனிந்து, விரலைக் கீழே விட்டபடி, செக்குமாடு மாதிரி இடப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும் என்று முடிவானது. ஒரு அடி எடுத்து வைத்தேன். அத்தை குறுக்கே வந்துவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா மாப்பிள்ளை இடஞ்சுத்தாச் சுத்துறதாவது. அதெல்லாம் கூடாது."

"அப்ப வலம் சுத்தட்டுமா?" என்றேன்.

"வலம் சுத்துனா இன்னும்ல இறுகும்" என்றார் மாமா.

மாரீஸ்வரிதான் சொன்னாள். "இவுக அப்படியே நிக்கட்டும். சைக்கிள வலமாச் சுத்துங்க."

அப்படித்தான் அது நடந்தது. இரண்டு பேர் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் நடுவில் குனிந்து நின்றேன். சைக்கிள் தரையோடு தரையாக என்னைச் சுற்றி வரத் தொடங்கியது. அடியில் இருந்த இன்னொரு பித்தளைப் பெக் சிமெண்டில் உரசிக்கொண்டு வந்தது. "ஒரு பொறி பறக்குதா பாத்தீகளா?" என்று மாமா பக்கத்தில் இருந்தவரிடம் அந்த நேரத்திலும் கேட்டார். ஒவ்வொரு சுற்றிலும் சைக்கிளின் கம்பி என் காலடிக்கு வரும், நான் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். ஒரு கைதான் சும்மா இருந்தது என்பதால் வேட்டியை மாரீஸ்வரி பிடித்துக்கொண்டாள். தெருவே எண்ண ஆரம்பித்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." சங்கிலி கிணிகிணி என்று சத்தம் போட்டது. பதினான்காவது சுற்றில் பெக் கழன்றது. கூட்டம் கைதட்டியது.

யோசித்துப் பார்த்தால், மாமா தெருவுக்குச் சொன்ன வாக்கில் ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை. மாப்பிள்ளை நின்ற இடத்தில் நின்றார், சைக்கிள் அவரைச் சுற்றி வந்தது. எதிர்வீட்டு அண்ணன் அதைச் செல்போனில் படம் பிடித்து, ப்ளூடூத்தில் ஏற்றி அனுப்பினார். தீபாவளி லீவு முடிந்து நான் பிரஸ்ஸுக்குப் போவதற்குள் அந்தப் படம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

சைக்கிள் போய்விட்டது, விரலில் பெக் மட்டும் மிச்சம். கையைத் தூக்கிப் பிடித்தால் வீக்கம் வடியும் என்று அத்தை சொன்னதால், அருள் வாக்குச் சொல்கிறவன் மாதிரி வலது கையை உயர்த்திக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆசீர்வாதம் பண்ண வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். "எம்புட்டு எடை?" என்று கேட்டார் ஒரு பெரியவர். முக்கால் கிலோ என்றேன். அவர் மனக்கணக்குப் போட்டு, "ஏலே, தொண்ணூறு பவுனுக்கு மேல வருதேலே. மாப்பிள்ளைக்கு இம்புட்டுப் பெரிய மோதிரம் போட்ட மாமனார் இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்றார். அன்று வீடே அதிரச் சிரித்தார்கள். குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் இந்தத் தொண்ணூறு பவுன் இன்றும் வந்துவிடும். மதியச் சாப்பாட்டை மாரீஸ்வரி ஊட்டிவிட்டாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற கோபத்தில் ஒவ்வொரு கவளமும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தது.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மாமா என்னை உள் அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு சட்டி நிறைய ஐஸ் தண்ணி வைத்து, அதில் என் கையை முக்கி, எடுத்து, எண்ணெய் விட்டு, பெக்கை நூல் நூலாகத் திருகினார். ஒவ்வொரு திருகலுக்கும் நிறுத்தி, வலிக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார். மருந்துக் கலவையைத் தொடுகிற அதே பக்குவத்தில் அவர் என் விரலைத் தொட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, எனக்கு இந்தச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."

"தெரியும் மாப்ளே. கடையில ஏறி உக்காந்தீகல்ல, அப்பவே தெரியும்."

"பெறகு ஏன் வாங்கிக் குடுத்தீக? தெருவுக்கெல்லாம் வேற சொன்னீகளே."

"நீங்க எப்படியாச்சும் பழகிக்கிடுவீகன்னு நெனச்சேன்" என்றார். அதோடு நிறுத்தாமல், "அந்தப் படத்த எடுத்து நீட்டுனப்ப உங்க மூஞ்சி இருந்த இருப்புக்கு, இல்லைன்னு சொல்ல மனசு வரல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் அப்பாகூட நான் ஆசைப்பட்ட ஒன்றை அப்படிப் பார்த்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு விரல் வெளியே வந்தது. கன்றிப்போய், கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மாமா அதைத் துடைத்து, மடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, என் இரண்டு கையையும் தன் மடியில் எடுத்து வைத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டு, பத்து வரை எண்ணினார். கம்பெனியில் தினமும் சாயங்காலம் கேட் பக்கத்தில் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவர் கையையும் அவர் அப்படித்தான் பார்ப்பாராம். மாரீஸ்வரி அப்புறம் சொன்னாள். அவருக்குக் கீழே வேலை பார்த்த யாரும் ஒன்பது விரலோடு வீட்டுக்குப் போனதில்லை. நான் சொந்த மாப்பிள்ளை, பட்டாசும் இல்லாமல் மருந்தும் இல்லாமல், ஒரு குட்டிச் சைக்கிளில் அந்தக் கணக்கைக் கெடுக்கப் பார்த்திருக்கிறேன்.

சைக்கிளை அதற்குப் பிறகு ஒழுங்காகப் பழகினேன். இரண்டு வருஷம் ஆனது. முன்சக்கரத்தில் நான்கு வினாடி நிற்பேன், அவ்வளவுதான். ஆனால் மாமாவுக்கு அன்று பிடித்த பயம் விடவில்லை. நாரணாபுரம் போனால், "வாங்க மாப்ளே" என்பதற்கு முன்னால், "கையக் காட்டுங்க" என்பார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டுவேன். அவர் எண்ணி முடித்த பிறகுதான் உள்ளே விடுவார். மாரீஸ்வரியும் நீட்ட வேண்டும். மகள் பிறந்த பிறகு, அவளும் நீட்ட ஆரம்பித்தாள்.

அவளை யுகேஜி சேர்ப்பதற்காக ஸ்கூலுக்குக் கூட்டிப்போனோம். தலைமை ஆசிரியை அறைக் கதவைத் திறந்துகொண்டு நாங்கள் நின்றோம். அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "பேர் என்னம்மா?" என்று கேட்டார். மகள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரலை விரித்து, ஒன்றிலிருந்து பத்து வரை சத்தமாக எண்ணினாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன இது என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

மகள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

"பத்தும் இருக்கு மிஸ். இப்ப நான் உள்ள வரலாமா?"